பின் சீட்டுக்குப் பெட்டி செய்தவர்

வேனுக்கு சவுண்ட் செட் பூட்டப் போனால் கடைக்காரர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் உண்டு. எத்தனை இஞ்சி ஸ்பீக்கர், எத்தனை வாட்ஸ், என்றைக்கு வேண்டும். தெஹியோவிட்டவில் டயர் ஒட்டுகிற கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு பஃபல் பெட்டி செய்த அண்ணன் இதில் ஒன்றையும் கேட்டதில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பின் கதவைத் திறந்து, கடைசிச் சீட்டின் குஷனை உள்ளங்கையால் இரண்டு தரம் அமுக்கிப் பார்ப்பார். பிறகுதான் வண்டிக்காரனைப் பார்த்து, "இதுல யாரு ஒக்காருவா?" என்பார்.

பஃபல் என்றால் எங்கள் பக்கத்தில் பாட்டில் வருகிற அடிச்சத்தத்தை மட்டும் போடுகிற பெரிய ஸ்பீக்கர். அதற்குப் பெட்டி வேண்டும். பெட்டி இல்லாவிட்டால் தும்மல் வராமல் நிற்கிறவன் மாதிரி ஆடிக்கொண்டு மட்டும் இருக்கும். பெட்டியிலும் இரண்டு வகை உண்டு. எல்லாப் பக்கமும் காற்றுப் போகாமல் அடைத்தது சீல் பெட்டி. முன்னால் பி.வி.சி. குழாய் செருகிக் காற்றுக்கு வழி விட்டது பைப் பெட்டி. எங்கள் ஊர் டிரைவர்மார் இதற்காக அடித்துக்கொண்ட அளவு எலெக்ஷனுக்குக்கூட அடித்துக்கொண்டதில்லை. அண்ணனின் கொட்டகையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரே ஸ்பீக்கரை முதலில் இதில் பூட்டி, பிறகு அதில் பூட்டி, ஒரே பாட்டைப் போட்டுக் காட்டுவார்.

"தப்பு அடிக்கிறவரு ஒரு அடி போட்டதும் கைய வச்சு அமத்துவாருல்ல, அதுதான் சீல் பொட்டி. அடிக்கும், நிக்கும். கோயில் மணிய அடிச்சுட்டு ஆளு எறங்கிப் போன பொறகும் அது பாட்டுக்கு ஊங்கிக்கிட்டே கெடக்கும் பாத்தியா, பைப் பொட்டி அந்த மாதிரி. சத்தம் கூட. ஆனா எங்க நிறுத்துறதுன்னு அதுக்குத் தெரியாது."

"அப்ப எதுண்ணே நல்லது?"

"அதத்தான் தம்பி நானும் கேக்குறேன். யாரு ஒக்காருவா?"

ஆளைச் சொல்லாதவனுக்குப் பெட்டி கிடையாது. ஒரு சிங்கள த்ரீவீல்காரர் வந்து, "அய்யே, கோக்கத ஹொந்த?" என்று எது நல்லதெனக் கேட்டார். இவர் அதே கேள்வியைச் சிங்களத்தில் போட்டார். பின்னால் ஹயருக்கு, வாடகைக்கு, ஏறுகிற எவனாவது இருப்பான் என்று அவர் சொல்ல, அந்த எவனாவதைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். அவர் கெட்ட வார்த்தையில் முனகிக்கொண்டு போனார். மறுநாள் பாவம், ரோட்டில் ஏறிய ஒரு பள்ளிக்கூட டீச்சரை வழிமாற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார். டீச்சர் இரண்டு பெட்டியையும் கேட்டுவிட்டு, இரண்டும் வேண்டாம் என்று போய்விட்டார். அந்த த்ரீவீல் இன்றைக்கும் பஃபல் இல்லாமல்தான் ஓடுகிறது.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். அண்ணன் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். கொழும்பில் சவுண்ட் கடையில் வேலை பார்த்துவிட்டு வாராவாரம் ஊருக்கு பஸ்ஸில் வந்தவர். அந்த பஸ்ஸில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் கடைசிச் சீட்டு, அதற்கு அடியில் பஃபல். "மூணு வருசம் தம்பி. பாட்டுக் கேட்டது டிரைவரு. அடி வாங்குனது நானு," என்றார். அவருக்கு வண்டி ஓட்ட லைசன் உண்டு, சொந்தமாக வண்டி மட்டும் கடைசி வரை இல்லை. புருவமெல்லாம் மரத்தூள், காதில் பென்சில், முகத்தில் சிரிப்பே கிடையாது. அவரைச் சுற்றி நின்றவர்கள்தான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வோம்.

இதைக் கேட்டு அவரைச் சத்தத்துக்கு எதிரி என்று நினைத்துவிடக்கூடாது. மாவனல்லையிலிருந்து ஒரு துணிக்கடை முதலாளி புதுக் காரோடு வந்தார். கேள்வி வருமுன்பே, "பின்னால உம்மாதான் உக்காருவாங்க, சத்தம் சரிவராது, சின்னதா ஒரு சீல் பெட்டி போதும்," என்று பதிலோடு வந்திருந்தார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் உம்மாவையே அழைத்துவர வேண்டியதாகிவிட்டது. சீல் பெட்டி பாடியபோது அந்த அம்மா கொட்டகையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பைப் பெட்டியைப் போட்டதும் மூக்குக்கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது. மகன் பதறிப்போய் நிறுத்த ஓடினார்.

"விடுங்க மகன்," என்றார் உம்மா. "முதுகுக்கு நல்லா இரிக்கி. இன்னும் கொஞ்சம் கூட்டுங்களே."

அந்தக் காருக்கு அண்ணன் செய்த பைப் பெட்டிக்குள் ஒரு ஆட்டுக்குட்டியைக் கட்டலாம். அதன் பிறகு மாவனல்லை டவுனில் அந்தக் கார் வந்தால் கடைக் கண்ணாடிகள் முன்கூட்டியே சொல்லிவிடுமாம். முதலாளி தலையைக் குனிந்துகொண்டு ஓட்டுவாராம், உம்மா பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாராம்.

பிழையும் விட்டிருக்கிறார். சீல் பெட்டியில் பலகை சேருகிற மூலையில் ஊசிமுனை அளவு சந்து இருந்தாலும் காற்றுப் போய்விடும். மற்றவர்கள் அதற்குக் கடையில் பசை வாங்குவார்கள். பால் வெட்டுகிற தோட்டத்தில் பிறந்தவருக்கு வேறு யோசனை வந்தது. வாளியில் ரப்பர் பால் கொண்டுவந்து பிரஷ்ஷால் உள்ளே நாலு பூச்சுப் பூசினார். பால் புளிக்காமல் இருக்க அமோனியா கலக்க வேண்டும். அதை மறந்துவிட்டார். பெட்டியைப் பூட்டிய கார் கலவானை ஊருக்குப் போன மூன்றாம் நாள் அதற்குள் ரப்பர் ஸ்டோரின் நாற்றம் எழுந்தது. பின் சீட்டில் உட்கார்ந்து வந்த, கார்க்காரரின் மச்சானின் சப்பாத்தைத்தான் வீட்டார் சந்தேகப்பட்டார்கள். அவர் காலைக் கழுவி, சப்பாத்தைக் கழுவி, கடைசியில் வெறுங்காலோடு காரில் ஏறியிருக்கிறார்.

செய்தி கிடைத்ததும் அண்ணன் பஸ் மாறி மாறிக் கலவானைக்குப் போனார். கார்க்காரரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே அந்த மச்சானைத் தேடிப் பிடித்து, "மன்னிச்சுக்குங்க, ஒங்க கால்ல ஒரு கொறயும் இல்ல," என்றிருக்கிறார். பிறகு பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார். ஆட்கள் ஒவ்வொரு வரிசையாக முன்னால் நகர்ந்து போக, பின்பாதி பஸ் அவருக்கு மட்டும் ஆனது. பெட்டிக்குள் என்ன என்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்க, பாட்டு என்று சிங்களத்திலேயே சொன்னாராம்.

இனி என் கதை. நான் அப்போது டொல்பின் வேன் ஒன்றில் கார்மெண்டில் வேலை செய்கிற பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஸ்டாஃப் ஹயர் ஓடினேன். காலையில் தோட்டத்துக் கீழ் டிவிஷனில் தொடங்கி, தெஹியோவிட்ட வழியாக, அவிசாவளைப் பக்கம் இருந்த ஃபெக்டரி வரைக்கும். பதினாலு பேர். முதலில் ஏறுகிறவள் சுகந்தி. வேன் முழுக்கக் காலியாக இருக்கும், ஆனாலும் அவள் நேரே கடைசிச் சீட்டின் இடது மூலைக்குப் போய், என் பஃபலுக்கு மேலேயே உட்காருவாள். தினமும் அதே மூலை.

இப்படி ஒரு பெண் செய்தால் ஒருவன் என்ன நினைப்பான்? சுகந்திக்கு அடிச்சத்தம் என்றால் உயிர் என்று நினைத்தேன். அதனால் அவளுக்காகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வைத்தேன். அவளிடம் எட்டு மாதத்தில் நான் பேசியது "ஏறியாச்சா" என்ற ஒரு சொல். மற்றதையெல்லாம் பஃபல் பேசிக்கொள்ளும் என்று விட்டிருந்தேன். என்னைப்போல் ஒரு மடையன் அந்த ரோட்டில் வேறு எவனும் ஓட்டியிருக்க மாட்டான்.

பிறகு திடீரென்று பஃபலின் அடி குறைந்துபோனது. எவ்வளவு கூட்டினாலும் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. மூன்று வாரம் கழித்து, முன் சீட்டில் வருகிற மேரியக்கா இடியைப் போட்டார். கீழ் டிவிஷன் பிள்ளைகள் திங்கட்கிழமையிலிருந்து நீல வேனில் போகப்போகிறார்களாம். சுகந்தியுமா என்று கேட்டேன். அவள்தான் பேசி வைத்தாள் என்றார். சத்தம் குறைந்தது, சுகந்தி போகிறாள். இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்தேன். திங்கட்கிழமைக்குள் தோட்டமே அதிர்கிற பைப் பெட்டி ஒன்று வேண்டும்.

வியாழக்கிழமை பகலில் வேனை அண்ணனின் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினேன். பன்னிரண்டு இஞ்சியில் இரண்டு, பைப்பும் இரண்டு என்றேன். அவர் கடைசிச் சீட்டின் குஷனை அமுக்கினார்.

"யாரு ஒக்காருவா?"

"ஸ்டாஃப் புள்ளைங்கண்ணே."

"எந்தப் புள்ள?"

சொன்னேன். சொல்லும்போதே என் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். நீல வேன் விஷயத்தையும் கொட்டிவிட்டேன். அவர் குனிந்து, பழைய பெட்டியின் குழாய்க்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டார். உள்ளே எதையோ பிடித்து மெதுவாக இழுத்தார். ரோஸ் பூப் போட்ட ஒரு துவாய் வந்தது. அதை எனக்குத் தெரியும். மழை நாளில் சுகந்தியின் தலையில் கிடக்கிற துவாய்.

உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. என் நெஞ்சு பஃபலைவிட மோசமாக அடித்தது.

"அண்ணே, அது சுகந்தியோடது. எனக்காக வச்சிருக்கு."

"ஒனக்காக."

"ஆமாண்ணே. ஞாபகமா இருக்கட்டும்னு."

அண்ணன் என்னை நீண்ட நேரம் பார்த்தார். ஸ்பீக்கர் எரிந்துபோனவனைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு துவாயை முன்பு இருந்தபடியே சுருட்டிக் குழாய்க்குள் திணித்தார்.

"நல்லா அடச்சிருக்கா. ரெண்டு மடிப்பு, ஒரு முறுக்கு," என்றார். "வேல தெரிஞ்ச கை. நாளைக்குக் காலம்பற ஹயர்ல நானும் வாறேன்."

வெள்ளிக்கிழமை முதல் ஆளாக அண்ணன் ஏறினார். கீழ் டிவிஷனில் சுகந்தி ஏறியபோது கடைசிச் சீட்டின் மறு மூலையில் அவர் இருந்தார். முதல் வளைவு திரும்புவதற்குள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பதைக் கண்ணாடியில் பார்த்தேன். எட்டு மாதம் நான் பேசாததை அந்த மனுஷன் அரை மைலில் பேசி முடித்துவிட்டார். வயிற்றெரிச்சலில் சத்தத்தை இன்னும் கூட்டினேன். எல்லாரும் ஏறி, ரப்பர் ஸ்டோர் சந்தி வந்ததும் அண்ணன் கூரையில் தட்டினார். நிறுத்தினேன்.

"எறங்கு தம்பி. நீ பின்னால வா. நான் ஓட்டுறேன்."

"அண்ணே, ஹயர் லேட்டாயிரும்."

"ஆகாது. வந்து ஒக்காரு."

அவர் குழாயிலிருந்து துவாயை உருவி, சுகந்தியிடம் கொடுத்து, "தங்கச்சி, இத ஒரு பத்து நிமிசம் கையில வச்சிருங்க," என்றார். சுகந்தி துவாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள். அந்த மூலையில், என் சொந்த பஃபலுக்கு மேல், வாழ்க்கையில் முதல்முறையாக நான் உட்கார்ந்தேன்.

அண்ணன் நான் வழக்கமாக வைக்கிற அளவுக்குத்தான் சத்தத்தை வைத்தார். ஒரு கோடு கூடவில்லை. முதல் அடி இடுப்பில் விழுந்தது. இரண்டாவது அடி முதுகெலும்பு வழியாக ஏறிப் பல்லுக்கு வந்தது. குழாயிலிருந்து வந்த காற்று என் குதிகாலில் புஸ் புஸ் என்று அடித்தது. யாரோ என் மடியில் வைத்துவிட்ட சோற்றுப் பெட்டியின் மூடி தன்பாட்டில் தாளம் போட்டது. ஒரு அடி முடிவதற்குள் அடுத்த அடி வந்துவிட, நடுவே மூச்சு விட இடமே இல்லை. வாந்தி வருகிற மாதிரி இருந்தது. என்னைப் பார்த்துச் சுகந்தி துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த நிலைமையிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அப்ப ஏன் இந்த மூலையிலயே ஒக்காருறீங்க?" என்று கத்தினேன்.

"கண்ணாடி," என்று அவளும் கத்தினாள். "பின்னால இந்த ஒரு கண்ணாடிதான் முழுசாத் தொறக்குது. காத்து இல்லாட்டி எனக்கு வாந்தி வரும்."

"சத்தம் புடிக்கும்னு நெனச்சேன்."

"என்னது?"

"சத்தம். ஒங்களுக்காகத்தான் நான் தெனமும் கூட்டிக் கூட்டி வச்சேன்."

இதில் பாதியிலேயே அண்ணன் செட்டை நிறுத்திவிட்டார். 'கூட்டிக் கூட்டி வச்சேன்' மட்டும் சத்தம் நின்ற வேனில் என் குரலில் முழங்கியது. பதின்மூன்று தலைகள் திரும்பின. முன் சீட்டிலிருந்து மேரியக்கா, "அப்ப இவ்வளவு நாளும் எங்களுக்குப் பாட்டுப் போடலயா தம்பி?" என்று கேட்டார். வேன் அப்படியே சிரித்துச் சரிந்தது. அண்ணன் மட்டும் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

சுகந்தி துவாயை மடித்தாள். "எட்டு மாசமாத் தலவலி மாத்திர போட்டுக்கிட்டு வாறேன்," என்றாள் மெதுவாக. "சொன்னா ஒங்க மொகம் வாடிரும். அவ்வளவு ஆசயாப் பூட்டி வச்சிருக்கீங்க. அதான் துவாய வச்சு அடச்சேன். அதுக்கு மேலயும் நீங்க கூட்டுறீங்க."

"நீல வேன்ல..."

"அதுல பஃபல் இல்ல."

ஃபெக்டரி வாசலில் பதினாலு பேரும் இறங்கிப் போனார்கள். அண்ணன் சாவியை என் கையில் வைத்தார்.

"சீல் பொட்டி. பத்து இஞ்சி ஒண்ணு போதும். ஞாயித்துக்கெழம வா."

"திங்கக்கெழம வருவாங்களாண்ணே?"

"அது பொட்டிக்குத் தெரியாது தம்பி."

ஞாயிற்றுக்கிழமை அவர் பூட்டிய பெட்டி பாதி அரிசிச் சாக்கு அளவுதான் இருந்தது. அந்த மூலையில் தானே உட்கார்ந்து, என்னைத் தோட்டத்து ரோட்டில் மேலும் கீழும் ஓட்டச் சொன்னார். ஒவ்வொரு தரமும் சத்தத்தின் திருகாணியை ஒரு நூல் குறைத்தார். கடைசியில் அதன் மேல் டேப் ஒட்டி, "இதத் தொட்டா கைய ஒடிச்சுருவேன்," என்றார். கேட்டுப் பார்த்தேன். அடி விழுந்தது, நின்றது, அடுத்ததற்கு இடம் விட்டது. அத்தனை நாளும் அந்தப் பாட்டில் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை காலை கீழ் டிவிஷன் ரோட்டில் இறங்கும்போது நீல வேன் எதிரே ஏறி வந்தது. ரோடு ஒடுக்கம். நான் பின்னால் எடுத்து வழி விட்டேன். உள்ளே நிறையத் தலைகள் தெரிந்தன, முகம் ஒன்றும் தெரியவில்லை. இனிப் போய் என்ன செய்ய என்று நினைத்தேன். ஆனாலும் ஹயர் ஹயர்தானே, கீழே ஓட்டினேன். பஸ் ஹோல்ட்டில் சுகந்தி மட்டும் குடையோடு தனியாக நின்றாள்.

அவள் பின்னால் போகவில்லை. முன் கதவைத் திறந்தாள்.

"இந்தப் பக்கக் கண்ணாடியும் முழுசாத் தொறக்குந்தானே?"

திறக்கும் என்றேன். சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, ஞாபகமில்லை. இன்று வரைக்கும் என் பக்கத்தில் அந்தச் சீட்டில்தான் வருகிறாள்.

வழியில் ஏறிய மேரியக்கா தன் முன் சீட்டில் ஆள் இருப்பதைப் பார்த்து, எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் அளந்துவிட்டு, போய்க் கடைசி மூலையில் உட்கார்ந்தார். தெஹியோவிட்டவில் அண்ணன் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். சுகந்தி வந்தாளா என்று பார்க்கத்தான் நிற்கிறார் என்று நினைத்து வேனை அவர் பக்கத்தில் நிறுத்தினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். எனக்கு அவரிடம் சொல்ல அவ்வளவு இருந்தது.

அவர் முன்னால் திரும்பியே பார்க்கவில்லை. நேரே போய்ப் பின் கதவைத் திறந்தார்.

"அக்கா, எப்பிடி இருக்கு?"

"என்னத்தச் சொல்ல தம்பி," என்றார் மேரியக்கா. "ஒரு எழவும் கேக்கல. கொஞ்சம் குத்துனாத்தான இடுப்புக்கு நல்லா இருக்கும்."

அண்ணன் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். மேரியக்காவை எழுந்திருக்கச் சொல்லி, அளவு டேப்பை விரித்து சீட்டுக்கு அடியில் அளந்தார். பிறகு அங்கிருந்தே எனக்குக் குரல் கொடுத்தார்.

"தம்பி, ஞாயித்துக்கெழம வண்டியக் கொண்டா. பைப் பொட்டி செய்யணும்."